வளவும் வனமும்: குருவிச்சைக்கு ஒரு கிளை

சென்ற மாதம் தேசிக்காயில் வரும் சொறி நோயைப் பற்றி எழுதிக்கொண்டு போகிற போக்கில், ‘குருவிச்சை பிடித்த மரத்துக்குத்தான் தேன்சிட்டு கூடுதலாக வருகிறது’ என்று ஒரு வரி எழுதிவிட்டேன். தேசிக்காயைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. வந்த கடிதமெல்லாம் குருவிச்சைக் கடிதம். அதில் இரண்டு மூன்று பேருக்கு நல்ல கோபம். விவசாயப் போதனாசிரியராக வன்னி முழுக்கச் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் திரிந்து ‘வெட்டுங்கோ, வெட்டுங்கோ’ என்று சொன்ன மனுசன், ஓய்வூதியம் எடுத்த பிறகு வேறு கதை கதைக்கிறாரே என்று. கோபம் நியாயம்தான். அதனால் இந்த மாதம் பக்கம் முழுவதும் குருவிச்சைக்கே. மரக்கிளையில் ஒட்டி உறிஞ்சி வளரும் இந்தச் செடியை இந்தியப் புத்தகம் படிக்கிறவர்கள் புல்லுருவி என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

மல்லாவியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: எனது வளவில் மூன்று கறுத்தக்கொழும்பான் மாமரம் நிற்கிறது. மூன்றிலும் குருவிச்சை. வருடா வருடம் கொக்கத்தடியால் இழுத்து விழுத்துகிறேன், திரும்பவும் வருகிறது. எந்தக் குருவி இதைக் கொண்டுவருகிறது? துரத்த வழி உண்டா?

மாஸ்டர், நீங்கள் காகத்தையும் கிளியையும் சந்தேகப்படுகிறீர்கள் என்று கடிதத்தின் மீதிப் பகுதியில் தெரிகிறது. அவை இரண்டும் நிரபராதிகள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்த வழக்கில் முதல் எதிரி வேறு ஆள். எட்டுச் சென்ரிமீற்றர் நீளம், இலங்கையிலேயே மிகச் சிறிய பறவை. முதுகு சாம்பலும் பச்சையும் கலந்த மங்கல் நிறம், வயிறு வெளிறல், சொண்டு வெளிறிய இளஞ்சிவப்பு. புத்தகங்களில் பூக்கொத்தி என்று போட்டிருக்கும். எங்கள் ஊரில் அதற்கென்று தனிப்பெயர் சொல்லி ஒருவரும் நான் கேட்டதில்லை, எல்லாம் ‘சிட்டு’தான். ‘டிக், டிக்’ என்று இரண்டு கல்லைத் தட்டினாற்போல ஒரு சத்தம் மரத்தின் உச்சியில் கேட்டால் அதுதான்.

அது விதை போடும் விதத்தை நான் ஒருநாள் கிணற்றடியில் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து பார்த்தேன். குருவிச்சைப் பழம் சின்னவிரல் நகமளவு இருக்கும். பழுத்தால் இளஞ்சிவப்பு. குருவி பழத்தைச் சொண்டால் நசித்துத் தோலைக் கழித்துவிட்டு, வழவழவென்ற உள்ளீட்டை அப்படியே விழுங்கியது. இரண்டு, மூன்று, நான்கு பழம். பிறகு பக்கத்துக் கிளைக்குப் போய்ச் சும்மா இருந்தது. கொஞ்ச நிமிடம்தான். அந்தக் குருவியின் குடலில் இந்த விதை தங்குவதே இல்லை, சதையைக் கழற்றிவிட்டு நேராக வெளியே வந்துவிடும். வந்தாலும் கீழே விழாது. விதையைச் சுற்றி பலாப்பால் மாதிரி ஒரு பசை. மற்றக் குருவிகள் கிளைக்குக் குறுக்கே இருந்து எச்சம் போடும், அது நிலத்தில் விழும். இது பாவம், பின்பக்கத்தில் தொங்குகிற விதையைக் கழற்ற வேண்டுமே! கிளையோடு கிளையாகத் திரும்பி இருந்து, பின்பக்கத்தைக் கிளையில் தேய்த்துத் துடைத்தது. பறந்த பிறகு ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். மூன்று விதை ஒரு நூலில் கோர்த்த மணி போல, மாங்கிளையில் வரிசையாக ஒட்டிக் கிடந்தது. ஒன்றை விரலால் எடுத்தேன். விரலை விட்டுப் போகவில்லை. சாரத்தில் துடைத்தேன், சாரத்தில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரி தோய்க்கும்போது என்னைப் பேசினது வேறு விசயம்.

இந்த விதை முளைக்க மரம்கூடத் தேவையில்லை. மின்கம்பியிலும் மதிலிலும் ஒட்டினாலும் பச்சை முளை விடும். ஆனால் உறிஞ்ச ஒன்றும் கிடைக்காமல் கருகிவிடும். உயிருள்ள கிளையில் ஒட்டினால் முளையின் நுனி தட்டையாகிப் பட்டையில் பதிந்து உள்ளே இறங்கும்.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு இரண்டு காரணம். நீங்கள் கொக்கத்தடியால் இழுப்பது இலையையும் தண்டையும்தான். உறிஞ்சுவேர் மரத்துக்குள்ளே இருக்கிறது, அது திரும்பத் துளிர்க்கும். மற்றது, உங்கள் வேலிக்கு அப்பால் எங்கோ ஒரு மரம் பழுத்து நிற்கிறது. எனக்கும் அப்படி ஒன்று நின்றது. அதைக் கீழே சொல்கிறேன்.

துரத்துவது என்றால், எட்டுச் சென்ரிமீற்றர்க் குருவியைத் துரத்த நாள் முழுக்க மரத்தில் இருக்க வேண்டும். விடுங்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து உயர்தர உயிரியல் மாணவி: ஒட்டுண்ணி என்றால் விருந்துவழங்கிக்குத் தீமை என்றுதான் படிக்கிறோம். மரத்தைக் கெடுக்கும் ஒன்று பறவைகளுக்கு மட்டும் எப்படி நன்மையாகும், ஐயா?

பிள்ளை, பரீட்சையில் நீங்கள் படித்ததையே எழுதுங்கள், அதில் பிழையில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். குருவிச்சை அரை ஒட்டுண்ணி. அதற்குப் பச்சை இலை இருக்கிறது, வெயிலில் தன் சோற்றைத் தானே சமைக்கும். மரத்திடம் எடுப்பது தண்ணீரும் கனியுப்பும். எடுக்கிற விதம்தான் அநியாயம். வைகாசி, ஆனி வெயிலில் மரம் தண்ணீரை மிச்சம் பிடிக்க இலைத்துளையை மூடும். குருவிச்சை மூடாது, குடித்துக்கொண்டே இருக்கும். அதுதான் குருவிச்சைக்கு அப்பால் உள்ள கிளை நுனி பட்டுப்போவது. எங்கள் பக்கத்தில் கூடுதலாகக் காண்கிற இனத்துக்குப் பெயர் டென்ட்ரோப்தோ ஃபல்காட்டா. 300க்கும் மேற்பட்ட மர இனங்களில் வளரும் என்று பதிவாகியிருக்கிறது. சந்தன மரம் இதற்குத் தூரத்துச் சொந்தம். அதுவும் வேரால் பக்கத்து மரத்தைக் களவெடுக்கிறது, வாசமாக இருப்பதால் ஒருவரும் திட்டுவதில்லை.

இனிப் பறவை. தேனும் பழமும் இருக்கிறது, தேன்சிட்டும் பூக்கொத்தியும் வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. இந்தியப் பறவை அறிஞர் சாலிம் அலி 1930களின் தொடக்கத்திலேயே கொங்கணத்தில் இந்த இரண்டு குருவிகளும் இந்தக் குருவிச்சையும் எப்படி ஒன்றில் ஒன்று தங்கியிருக்கின்றன என்று எழுதிவிட்டார். என்னை யோசிக்க வைத்தது அவுஸ்திரேலியாவில் நடந்த ஒன்று. டேவிட் வொட்சன் என்கிற ஆய்வாளரும் அவருடைய சக ஆய்வாளரும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வயல்களுக்கு நடுவே மிஞ்சியிருந்த சிறு காடுகளை எடுத்தார்கள். 17 காடுகளில் இருந்த குருவிச்சை முழுவதையும் வெட்டி அகற்றினார்கள். வேறு சில காடுகளில் அப்படியே விட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பறவைகளை எண்ணினால், வெட்டின காடுகளில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு பறவை இனங்கள் இல்லை. காட்டையே நம்பி நிரந்தரமாக வாழும் இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூட. 2012இல் இது வெளிவந்தது.

அதில் விசயம் என்னவென்றால், போனது தேன் குடிக்கும் பறவை மட்டுமல்ல. கூடுதலாகப் போனது பூச்சி தின்னும் பறவைகள். குருவிச்சைப் பழத்தைத் தொட்டும் பார்க்காத ஆட்கள்.

ஏன்? சருகு. மாவோ பாலையோ இலை உதிர்க்கும் முன், இலையில் இருக்கிற சத்தில் ஒரு பங்கைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டுதான் கழற்றிவிடும். சிக்கனமான குடும்பம். குருவிச்சைக்கு அந்தக் கவலை கிடையாது, வேண்டியதை மரத்திலிருந்து இன்னும் எடுக்கலாமே! அதனால் சத்தோடே, பச்சை மாறாமலே இலையைக் கொட்டும். வருடம் முழுக்கக் கொட்டும். அதற்குக் கீழே மண் கொழுக்கிறது, பூச்சியும் புழுவும் பெருகுகிறது. உங்கள் வளவில் ஏழெட்டாய்ச் சேர்ந்து ‘கீச்சு கீச்சு’ என்று சருகைப் புரட்டித் திரியும் புலுனிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரிப் பறவைக்கு மரத்துக்கு மேலே இருக்கிற குருவிச்சை நிலத்தில் சோறு போடுகிறது.

அவுஸ்திரேலியக் கணக்கை வன்னிக் காட்டுக்கு அப்படியே தூக்கிப் போடக் கூடாது. மரம் வேறு, மழை வேறு. ஆனால் கண்ணுக்கு முன்னால் ஒன்று எனக்கும் நடந்தது.

2008இல் விட்டுப்போன வளவுக்கு 2010இல் திரும்பி வந்தோம். வீட்டுக்குக் கூரையில்லை. மாமரம் இரண்டும் நின்றது, ஆனால் மா இலை எது, குருவிச்சை இலை எது என்று தெரியாத மாதிரி. தறப்பாளுக்குக் கீழே இருந்துகொண்டு நான் முதல் செய்த வேலை வெட்டினதுதான். மனுசன் ஏதாவது ஒன்றைச் சரிப்படுத்த வேண்டும் என்று நினைத்திருப்பேன் போல. வளவில் ஒரு கொத்து மிச்சம் விடவில்லை. வேலிக்கு அப்பால் ஒரு பெரிய இலுப்பை, அது முழுக்கக் குருவிச்சை. அதற்குப் போக ஏலாது, நடுவில் மிதிவெடிக்கான சிவப்புப் பலகை. அந்த இலுப்பையை நான் திட்டாத நாளில்லை. அங்கிருந்துதான் குருவி விதையைக் கொண்டுவந்து என் மாவில் துடைக்கிறது.

பிறகு மிதிவெடி அகற்றினார்கள், காணி துப்புரவாக்கினார்கள், ஒருநாள் இலுப்பையும் விழுந்தது. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்குச் சந்தோசம். அடுத்த மாரி முடிந்து தை பிறந்தபோதுதான் விடியப்புறத்தில் ஏதோ குறைகிறதே என்று பட்டது. தேன்சிட்டு இல்லை. புலுனிக் கூட்டம் இல்லை. இலுப்பை போனதாலா, குருவிச்சை போனதாலா என்று பிரித்துச் சொல்ல ஒரு வளவுக் கதை போதாது. அதைத்தான் அவுஸ்திரேலியாவில் மரத்தை விட்டுவிட்டுக் குருவிச்சையை மட்டும் வெட்டிப் பிரித்துக் காட்டினார்கள்.

வவுனியா நகரிலிருந்து கடை உரிமையாளர்: கடைக்கு முன்னால் வீதியோரம் பெரிய வாகை. நிறையக் குருவிச்சை. காட்டில் இருப்பதும் நகரத்தில் இருப்பதும் பறவைக்கு ஒன்றுதானா?

ஒன்றில்லை. முதலில் ஒன்றைக் கவனியுங்கள். வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் பஸ்ஸில் வரும்போது யன்னல் பக்கம் இருந்து பாருங்கள். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் என்று வீதிக்கரையில் தனியாக நிற்கிற மரங்களில்தான் குருவிச்சை கூட. அடர்ந்த காட்டுக்குள்ளே அந்தளவு இல்லை. அதற்கு வெயில் வேண்டும், குருவிக்கும் வெளிச்சமான மரத்தில் இருக்கத்தான் விருப்பம். நாங்கள் காட்டை வெட்டி வெட்டிக் கரையை நீட்டினால் குருவிச்சைக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. அதனால் ஒரு மரத்தில் அளவுக்கு மிஞ்சிக் கண்டால் அது குருவியின் குற்றமில்லை. ஏற்கெனவே பழமிருக்கிற மரத்துக்குக் குருவி திரும்பத் திரும்ப வரும், அதே மரத்திலேயே துடைக்கும். பணக்காரனிடமே காசு சேர்கிற மாதிரி.

நகரத்தில் உங்கள் வாகையில் இருக்கிற குருவிச்சை தேன்சிட்டுக்கும் பூக்கொத்திக்கும் ஒரு சாப்பாட்டுக் கடை. கட்டடத்துக்கு நடுவே பூவும் பழமும் வேறெங்கே இருக்கிறது? கொண்டைக்குருவியும் மணிப்புறாவும் அந்த அடர்த்திக்குள் கூடு வைப்பதை நானே கண்டிருக்கிறேன். ஆனால் மேலே மாணவிக்குச் சொன்ன சருகுக் கதை நகரத்தில் நடக்காது. இலை தாரில் விழுகிறது. காலையில் உங்கள் கடைப் பையன் கூட்டி நெருப்பு வைத்துவிடுவான். மேலே உள்ள குருவிக்குப் பங்கு கிடைக்கிறது, கீழே உள்ள குருவிக்கு இல்லை. நகரத்துக்கும் காட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான் என்பது என் எண்ணம்.

மெல்பேர்ண் நகரத்தில் வீதியோர மரங்களில் உள்ளூர்க் குருவிச்சை விதையைக் கையால் கொண்டுபோய் ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள், பறவை வரட்டும் என்று. வவுனியாவில் நான் ஏணியோடு போய் வாகையில் விதை ஒட்டினால் என்ன பெயர் வைப்பீர்கள் என்று தெரியும். நீங்கள் ஒட்ட வேண்டாம். கடைக் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டு பட்டுப்போன கிளை இருந்தால் மட்டும் உரியவர்களிடம் சொல்லி எடுப்பியுங்கள். ஆட்களின் தலையில் விழுந்தால் பறவைக்கும் கெட்ட பெயர்.

நெடுங்கேணி வாசகர்: பனைமரத்தில் ஆல் முளைத்துப் பனையையே மூடிவிட்டது. இதுவும் குருவிச்சை வகைதானே?

இல்லை. குருவி போட்ட விதை என்பது மட்டும்தான் ஒற்றுமை. ஆல் பனைக்குள் வேர் விட்டு உறிஞ்சுவதில்லை. பனையைப் பிடித்துக்கொண்டு நிலத்துக்கு வேரை இறக்கும், பிறகு நெரிக்கும், நிழலால் மூடும். பட்டையில் ஒட்டியிருக்கும் ஓர்க்கிட் செடியும் அப்படித்தான், இருக்க இடம் மட்டும் கேட்கிறது. முல்லைத்தீவுக் கடற்கரைப் பற்றைகளில் மஞ்சளும் பச்சையுமான நூல் கொட்டியது போலக் கிடக்கும் கொத்தான் மட்டும் உண்மையான ஒட்டுண்ணி. வேடிக்கை என்னவென்றால் குருவிச்சையின் மேலேயே வளரும் இன்னொரு குருவிச்சை இனமும் உண்டு.

ரொறன்ரோவிலிருந்து, துணுக்காயில் பிறந்து வளர்ந்த வாசகி: பள்ளிக்கூடம் போகும் வழியில் குருவிச்சை மொட்டைப் பிடித்து நெற்றியில் அடித்து ‘டப்’ என்று வெடிக்க வைப்போம். நாற்பது வருடம் ஆகிறது. அது ஏன் வெடிக்கிறது?

தங்கச்சி, நீங்கள் அன்று செய்தது குருவியின் வேலை. முற்றின மொட்டுக்குள்ளே ஒரு விறைப்பு இருக்கிறது. நசித்தால் இதழ் பட்டென்று பிளந்து மகரந்தம் தெறிக்கும். குருவிச்சைக் குடும்பத்தில் சில இனங்களின் பூ தானாக விரியவே விரியாது. குருவி வந்து சொண்டால் நசிக்கும்வரை மூடியபடியே இருக்கும். நசித்தால் தேன் குருவிக்கு, மகரந்தம் குருவியின் முகத்தில். தென்னிந்தியாவில் இதைப் பல வருடம் ஆராய்ந்த பிரியா தாவீதார் ஒரு அழகான விசயத்தைக் கவனித்தார். பூக்கொத்தி திறக்கிற சில இனங்களில் முற்றின மொட்டும் பழுத்த பழமும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. பழம் என்று நசித்தாலும் குருவிச்சைக்கு இலாபம், பூ என்று நசித்தாலும் இலாபம். நீண்ட குழாய்ப் பூக்களுக்கு வருவது கூடுதலாகத் தேன்சிட்டு. அதன் வளைந்த சொண்டைப் பார்த்தாலே தெரியும்.

நெற்றியில் அடித்த நீங்கள் மகரந்தத்தோடு வகுப்பில் இருந்திருக்கிறீர்கள். அவ்வளவுதான்.

முருங்கனிலிருந்து ஆடு வளர்ப்பவர்: குருவிச்சைக் குழையை ஆட்டுக்குப் போடலாமா? மருந்தென்று குடிக்கவும் சொல்கிறார்கள்.

எங்கள் ஆடுகள் ஆசையாகத் தின்கின்றன, மா, வேம்பில் வெட்டினதைப் போடுகிறேன். காஞ்சூரையில் வளர்ந்ததைத் தொடவே வேண்டாம். தாங்கும் மரத்தின் நஞ்சு குருவிச்சைக்கும் ஏறும். குடிக்கிற கதைக்குச் சித்த வைத்தியரிடம் போங்கள். நான் மரத்துக்கு மட்டும்தான் மருந்து சொல்வேன்.

கிளிநொச்சியிலிருந்து கோபமான கடிதம் ஒன்று: நீங்கள்தான் என் தகப்பனுக்கு வெட்டச் சொன்னீர்கள். இப்போது வைத்திருக்கச் சொல்கிறீர்கள். எதைக் கேட்பது?

தம்பி, இரண்டையும். மா, மாதுளை, தேசி, கொய்யா என்று நீங்கள் பழத்துக்கு வைத்திருக்கிற மரத்தில் வெட்டுங்கள். உங்கள் தகப்பனுக்குச் சொன்னது அங்கே பிழையில்லை. வெட்டும் விதத்தை அன்று சரியாகச் சொல்லித் தந்தேனோ தெரியாது. குருவிச்சை ஒட்டின இடத்தில் கிளை முடிச்சுப் போட்டு வீங்கியிருக்கும். அந்த வீக்கத்திலிருந்து அடிமரப் பக்கமாக ஒரு அடி தள்ளிக் கிளையோடு அறுத்தெடுங்கள். பழுக்க முன் அறுங்கள், பழுத்த பிறகு அறுத்தால் பாதி விதை ஏற்கெனவே பரவியிருக்கும். அடிமரத்திலேயே ஒட்டியிருந்தால் அறுக்க முடியாது, துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ளிக்கொண்டிருப்பதுதான் வழி. மருந்து அடிக்கிற யோசனையை விடுங்கள், அந்த மருந்து மாமரத்துக்கும் போகும்.

நான் அன்று செய்த பிழை வேறு. உங்கள் வளவுக்குச் சொன்ன அதே சொல்லைக் குளக்கட்டு மருதுக்கும் கோவிலடி வேம்புக்கும் காட்டோரப் பாலைக்கும் சொன்னது. அந்த மரங்களிலிருந்து ஒருவரும் சந்தைக்குப் பழம் கொண்டுபோகவில்லை. நல்ல உடம்புள்ள பெரிய மரம் நாலைந்து கொத்துக் குருவிச்சையை வருடக்கணக்காகத் தாங்கும். மரம் முழுக்கப் பிடித்து உச்சி படுகிறது என்றால் அது வேறு. அப்போதும் கொஞ்சத்தைக் குறைத்தால் போதும். சிங்களத்தில் இதைப் ‘பிலில’ என்பார்கள். வவுனியா தெற்குப் பக்கம் ஒரு சிங்கள விவசாயி எனக்கு முன்னால் கத்தியைத் தீட்டிக்கொண்டே, மாமரத்தை எல்லாம் வெட்டிவிட்டு, வயலோரப் புளியைக் காட்டி ‘அது குருவிக்கு’ என்று விட்டுவிட்டுப் போனார். அவருக்கு நான் கையேடு கொடுக்கப் போயிருந்தேன்.

முறிகண்டியிலிருந்து ஐந்தாம் வகுப்பு மாணவன்: குருவிச்சை எல்லாம் வெட்டினால் அந்தச் சின்னக் குருவி செத்துப்போகுமா, தாத்தா?

உடனே சாகாது, ராசா. அது சிலந்தியும் பூச்சியும் தின்னும், வேறு பூவில் தேனும் குடிக்கும், ஜாம் மரத்துப் பழம் என்றால் அதற்கு உயிர். பள்ளிக்கூடத்தில் ஜாம் மரம் நின்றால் இடைவேளையில் சத்தம் போடாமல் நின்று பார், வரும். ஆனால் வெள்ளையும் மஞ்சளும், ஓரத்தில் சிவப்புப் பொட்டும் போட்ட ஒரு வண்ணத்துப்பூச்சி இருக்கிறதே, அது முட்டை இடுவது குருவிச்சை இலையில். அதன் புழுக்களுக்கு அந்த இலைதான் சாப்பாடு.

நானும் கிணற்றடியில் ஒரு ஜாம் மரம் வைத்திருக்கிறேன். இலுப்பையின் அடிக்குற்றியும் பக்கத்திலிருந்து துளிர்த்து இப்போது என் உயரத்துக்கு வந்துவிட்டது. போன கிழமை அதில் ஒரு இளங்கிளையில் மணி கோர்த்த மாதிரி இரண்டு விதை ஒட்டியிருந்தது. கத்தி கையில் இருந்தது. ஆட்டுக்குக் குழை வெட்டத்தான் கொண்டுபோனேன்.

அடுத்த மாதம் திரும்பவும் தேசிக்காய். அந்தச் சொறி நோய்க்கு இன்னும் ஒருவரும் கேள்வி அனுப்பவில்லை.